மூஞ்சியில் அடித்த காற்று

ஆடி 4, ஞாயிறு

இட்லிக்கு உட்கார்ந்தேன். வாசலில் படார் என்று ஒரு சத்தம். டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துவிட்டது என்று நான் மெயினை அணைக்க உள்ளே ஓடினேன். என் மனைவி அம்சவேணி வாசலுக்கு ஓடினாள். எங்கள் இருவரில் மூளை யாருக்கு என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

வாசலில் நின்றது சம்பந்தி நாச்சிமுத்துவின் வண்டி. வால்பாறையில் எஸ்டேட் லாரிகளுக்குப் பட்டறை வைத்திருப்பவர் அவர். இந்த வண்டி 1962இல் எஸ்டேட் வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் ஊர் ஊராகப் போய் வைத்தியம் பார்க்கச் செய்தது. உள்ளே கட்டில், அடுப்பு, கை கழுவத் தொட்டி, ஜன்னல் திரை, எல்லாம் உண்டு. ஏலத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, என்னவோ அந்த டாக்டரே இவருக்குத் தாத்தா என்பதுபோல ஓட்டுவார். இன்று என் வாசலுக்கு வந்ததும் எஞ்சின் முன்னால் சுற்றும் இரும்பு ஃபேனின் இறக்கை ஒன்று ஒடிந்து, ரேடியேட்டரைக் கிழித்துவிட்டது. பச்சைத் தண்ணீர் எங்கள் கோலத்தை அழித்துக்கொண்டு சாக்கடைக்குப் போனது.

"பொண்ணக் கூட்டிட்டுப் போக வந்தனுங்க சம்பந்தி" என்றார், ஒன்றுமே நடக்காதது போல.

"ஆடில பொண்ணு அம்மா வீட்லதானுங்களே இருக்கோணும்?" என்றேன்.

"அது தலை ஆடிக்கு. கல்யாணமாயி ரெண்டு வருசமாச்சு. இன்னும் என்னுங்க ஆடி?"

"மாசம் முடியட்டுமுங்க."

"செரி. ஆடியும் முடியட்டும், வண்டியும் ஆகட்டும். அது வரைக்கும் நான் இங்கயே இருந்துக்கறன்."

எங்கே என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். முப்பது வருடம் ரேஷன் கடையில் நின்றவன் நான். வாழ்நாளில் தைரியமாகச் சொன்ன ஒரே மறுப்பு 'ஸ்டாக் இல்லை' என்பதுதான். அதையும் ஸ்டாக் இல்லாதபோது மட்டும்தான் சொன்னேன்.

ஆடி 5, திங்கள்

இங்கே என்றால் வண்டியில். என் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் அந்த வண்டிக்குள்தான் குடித்தனம். பெண்ணை அனுப்பும் வரை எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டாராம். அவரே அடுப்பு மூட்டினார், அவரே ரசம் வைத்தார். ரசத்தில் பூண்டு அதிகம். தெரு முழுக்க வாசம். எதிர்வீட்டுக்காரர் பேப்பரை மடித்துவிட்டுக் கேட்டார்: "திருமூர்த்தி, சம்பந்தி வீட்டுக்குள்ள எடமில்லியா?"

"அவருக்குக் காத்தோட்டம் வேணுமுங்க" என்றேன்.

டாக்டர் கை கழுவ எஞ்சின் சூட்டில் வெந்நீர் வருகிற மாதிரி ஒரு குழாய் பின்பக்கத் தொட்டி வரை போகிறது என்று சம்பந்தி காட்டினார். வெள்ளைக்காரன் மூளை என்றார். இப்போது எஞ்சினே ஓடவில்லை, அதனால் குளிர்ந்த தண்ணீரில்தான் சவரம். கன்னத்தில் இரண்டு வெட்டு.

ஆடி 7, புதன்

அம்சவேணி பாத்திரம் கழுவிய தண்ணீரை வண்டியின் பின் சக்கரத்தில் ஊற்றினாள். கை தவறிவிட்டதாம். மூன்று வேளையும் தவறியது.

ஆடி 9, வெள்ளி

மகள் தாரணி என்னோடு பேசுவதில்லை. ஆனி கடைசியில் வந்தாள், ஒரு தோள்பையோடு. வந்ததும் நான் செய்த முதல் காரியம், சம்பந்திக்குப் போன் போட்டு "பொண்ணு பத்திரமா வந்துட்டாளுங்க" என்று சொன்னது. மரியாதைக்குத்தான். தேடுவார்கள் இல்லையா? அவள் கையில் இருந்த காபி டம்ளரைத் திண்டில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து எனக்கான சேதிகள் எல்லாம் அம்மா வழியாகத்தான். "அப்பாவை ஃபேனை நிறுத்தச் சொல்லும்மா" என்பாள், நான் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கும்போது.

மாப்பிள்ளை பூபதி எஸ்டேட் ஆபீஸில் வேலை. பாசக்காரர். அந்தப் பக்கம் சிறுத்தை நடமாட்டம் அதிகம் என்று, ஆபீஸ் போகும்போது வீட்டை வெளியே பூட்டிவிட்டுப் போவாராம். தாரணி டிப்ளமோ எலக்ட்ரிக்கல் படித்தவள். தேயிலை ஃபாக்டரியில் மோட்டார் பார்க்கிற வேலை கிடைத்தது. அதையும் சிறுத்தைக்காகவே விட்டுவிட்டாள். வால்பாறையில் சிறுத்தை தெருவில் நடக்கிறது, பெண் வீட்டுக்குள் நடக்கிறாள் என்று அம்சவேணி சொன்னாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ஜோக் இல்லை போல.

ஆடி 12, திங்கள்

ரேடியேட்டர் பற்றவைத்து வந்துவிட்டது. ஃபேன்தான் பிரச்சினை. அறுபத்திரண்டாம் வருடத்து இறக்கை எங்கே கிடைக்கும்? சம்பந்தி உக்கடம் போய் உடைத்த கார்களில் இருந்து இரண்டு எலக்ட்ரிக் ஃபேன்களோடு திரும்பினார்.

"இனி எஞ்சின் சுத்தற ஃபேனே வேண்டாமுங்க. பேட்டரில இருந்து கரண்டு, டேஷ்போர்டுல சுவிட்ச்சு. தட்டுனா சுத்தும். மலை ஏறறப்ப எஞ்சினுக்குப் பாரமே இருக்காது."

"நம்ம தாரணிக்கு இதெல்லாம் தெரியுமுங்க. ஒரு வார்த்தை கேட்டா..." என்று இழுத்தேன்.

"ஊட்டுக்கு வரப்போற பொண்ணுகிட்ட ஸ்பேனரக் குடுக்கச் சொல்றீங்களா?"

சொல்லவில்லை என்று சொன்னேன். பிறகு அவர் சொல்வதுதான் சரி என்றும் சொன்னேன். இரண்டாவது எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. பெண்ணைக் கொடுத்தவனுக்குக் கழுத்து எலும்பு ஒன்று கம்மி. தலை தானாகவே ஆடும்.

ஆடி 15, வியாழன்

இன்று போர். ஃபேனுக்குச் சட்டம் பிடிக்க சம்பந்தி இரும்புப் பட்டையை என் வாசல் கல்லில் வைத்துச் சுத்தியலால் அடித்தார். கல் விரிந்தது. அம்சவேணி விளக்குமாற்றோடு வந்தாள்.

"ஏனுங்ணா, எம்பொண்ண அடைச்சு வெச்சது பத்தாதுன்னு எங்க வாசலையும் ஒடைக்கறீங்களா?"

"அடைச்சு வெச்சாங்களா? பாதுகாப்புங்க அது. சிறுத்தை வந்தா நீங்க வந்து வெரட்டுவீங்களா?"

"சிறுத்தை வந்தா சொல்லி அனுப்புங்க. உங்க பையன் வந்தா நான் வெரட்டறேன்."

"சம்பந்தி, பாத்தீங்களா உங்க ஊட்டுல பேசற பேச்ச?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் விரிந்த கல்லைப் பார்த்தேன். "சிமெண்ட் வாங்கிட்டு வந்தர்றனுங்க" என்று சைக்கிளை எடுத்தேன். சிமெண்ட் கடை தெருமுனையில்தான். நான் திருமூர்த்தி மலை ரோடு வரை போய் வந்தேன்.

ஆடி 18, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம். வண்டிக்கு ஒரு தட்டு கொண்டுபோனேன், திரும்பி வந்தது.

மதியம் திண்ணையில்லாத வீட்டில் படுக்க வேறு இடம் ஏது, கூடத்தில் படுத்திருந்தேன். சமையலறையில் தாரணி அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். நான் தூங்குகிறேன் என்று நினைத்திருப்பாள். என் குறட்டை அப்படி.

வைகாசியில் ஒருநாள் கேஸ் குழாய் கசிந்ததாம். வெளியே பூட்டு. பூபதி அவள் போனையும் எடுத்துக்கொண்டு போயிருந்தான், வழக்கம்போல. அவள் சிலிண்டரை மூடிவிட்டு, ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே மூக்கை வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை நின்றிருக்கிறாள். அவன் வந்து, "நல்லவேளை, வெளக்குப் போடல" என்றானாம். மறுநாள் வேறு பூட்டு வாங்கி வந்தான். பெரியதாக.

நான் புரண்டு படுத்தேன். ஃபேனை எந்தப் பக்கம் வைத்தால் சட்டம் தாங்கும் என்று யோசித்தேன். எலுமிச்சைச் சாதம் நெஞ்சில் நின்றது. புளிப்பு அதிகம்.

ஆடி 22, வியாழன்

ஃபேன் சுற்றியது!

சம்பந்தி வயர் கொடுத்து முடித்தார். சிவப்பு வயர் பேட்டரிக்கு, கறுப்பு வயர் வண்டியின் இரும்பில். சுவிட்சைத் தட்டினார். இரண்டு ஃபேனும் விமானம் மாதிரி கிளம்பின. வண்டியின் மூக்குக்கு முன்னால் என்னை நிறுத்தினார். நாள்காட்டியில் கிழித்த நேற்றைய தாள் என் கையில் இருந்தது. கிரில்லுக்கு முன்னே அதை நீட்டினேன். பறந்து வந்து என் மூஞ்சியில் ஒட்டிக்கொண்டது.

"பாத்தீங்களா காத்த! மூஞ்சில அடிக்குது பாருங்க!"

"ஜில்லுனு இருக்குதுங்க" என்றேன்.

ரேஷன் அரிசி இறக்க வரும் லாரிகள் எஞ்சினை அணைக்காமல் நிற்கும். என் கையில் இருந்த சீட்டுகள் எத்தனையோ முறை அந்த லாரிகளின் கிரில்லில் போய் ஒட்டியிருக்கின்றன. உள்பக்கமாக இழுத்துதான். வெளியே தள்ளி ஒரு லாரியையும் பார்த்ததில்லை. ஆனால் அது லாரி, இது டாக்டர் வண்டி. நான் எஸ்.எஸ்.எல்.சி.யையே இரண்டாம் தடவைதான் பாஸ் செய்தேன். பட்டறைக்காரரிடம், அதுவும் மாப்பிள்ளையின் அப்பாவிடம், "காத்து தப்பாப் போகுதுங்க" என்று சொல்ல நான் யார்? மரியாதை என்று ஒன்று இருக்கிறது.

தாள் நன்றாக ஒட்டியிருந்தது. வியர்வை.

ஆடி 28, புதன்

சம்பந்தி வண்டிக்குப் பொட்டு வைத்தார். சக்கரத்துக்கு எலுமிச்சை. அம்சவேணி சாம்பார் வைக்கவில்லை, யாருக்கும்.

ஆவணி 1, ஞாயிறு

ஆடி முடிந்துவிட்டது. அது ஒரு மாதம் எனக்கு வக்கீலாக இருந்தது. இன்று கேஸ் கட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டது.

பூபதி போனில் பேசினான். சம்பந்தி ஸ்பீக்கரில் போட்டார், தெருவுக்கே கேட்கிற மாதிரி. "மாமா, ஒரு மாசம் ஆடியாச்சு. வாய மூடிட்டு வண்டில ஏறச் சொல்லுங்க. புதுசா கம்பிக் கதவு போட்டிருக்கேன், இனி பயமில்ல." சரிங்க மாப்பிள்ளை என்றேன்.

உள்ளே போய், "கண்ணு, ஒரு வாரம் இருந்து பாரு. நானும் கூட வர்றேன்" என்றேன்.

ஒரு மாதத்துக்கு மேல் கழித்து முதல் முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள். "நீங்க போகச் சொல்றீங்களா?"

"எல்லாரும் அப்படித்தான..."

"எல்லாரையும் கேக்கல. நீங்க சொல்றீங்களா?"

"ஒரு வாரம்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அம்சவேணி என் தட்டில் சோற்றை வைத்த வேகத்தில் குழம்பு சட்டையில் தெறித்தது.

ஆவணி 3, செவ்வாய்

நேற்று எழுத முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

நேற்றுக் காலை கிளம்பினோம். சம்பந்தி ஓட்ட, நான் பக்கத்தில். எங்களுக்கு நடுவே எஞ்சின், இரும்புப் பெட்டிக்குள். தாரணி பின்னால், கட்டில் இருக்கும் அறையில். அதற்குக் கதவு பின்பக்கம் மட்டும்தான். முன்னும் பின்னும் பார்க்க நடுத் தடுப்பில் ஒரு சின்னக் கண்ணாடி. பொள்ளாச்சி வரை வண்டி நன்றாகவே ஓடியது. சமவெளியில் வண்டி ஓடுகிற வேகத்துக்கு எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிரவைத்துவிடும். சம்பந்தி சுவிட்சைத் தட்டி, எஞ்சின் சூடு காட்டும் முள்ளைக் காட்டிக்கொண்டே வந்தார். "பாத்தீங்களா, முள்ளு அசையவே இல்ல!"

ஆழியாறு செக்போஸ்ட்டில் நிறுத்தினார். இறங்கிப் பின்னால் போனார். நானும் இறங்கி எட்டிப் பார்த்தேன். கதவுக்கு வெளியே இருந்த தாழ்ப்பாளைப் போட்டு, அதில் ஒரு ஆணியைச் செருகினார்.

"கொரங்கு தொல்லைங்க. உள்ள பூந்துரும்" என்றபடி ஏறி உட்கார்ந்தார்.

நான் பார்த்தேன். பார்த்ததை எழுதுகிறேன். "ஆமாங்க, நெறைய கொரங்கு" என்றேன். இதுதான் நான் சொன்னது.

மலை ஏற ஆரம்பித்ததும் வண்டி நடை வேகத்துக்கு வந்தது. எதிர்க்காற்று இல்லை. மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் முள் நகர்ந்தது. ஐந்தாவதில் சிவப்பு. சம்பந்தி சுவிட்சை அணைத்தார், போட்டார், அணைத்தார், போட்டார். எஞ்சின் பெட்டி ஓரமாக ஆவி வந்தது. அடுத்த வளைவு தாண்டியதும் பின்னால் 'டப்' என்று ஒரு சத்தம். பிறகு தாரணியின் சத்தம்.

அந்த வெந்நீர்க் குழாய். எஞ்சினில் கொதித்ததெல்லாம் பின்னால் தொட்டியடியில் வெடித்திருக்கிறது. சின்னக் கண்ணாடி வெள்ளையாகிவிட்டது, உள்ளே ஒன்றும் தெரியவில்லை. கதவைத் தட்டுகிறாள். "அப்பா" என்று கத்துகிறாள். என்னோடு பேசாத பெண், "அப்பா, அப்பா" என்று.

வண்டி நிற்பதற்குள் குதித்தேன். முட்டி தேய்ந்தது. ஓடிப்போய் ஆணியைப் பிடுங்கினேன். வரவில்லை. திருகியிருந்தார். பல்லால் பிடித்து இழுத்தேன் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பல் ஒன்று இப்போது ஆடுகிறது. கதவு திறந்ததும் ஆவி என் மேல் கொட்டியது. அவள் துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு கட்டில் மேல் ஏறி நின்றிருந்தாள். தரையெல்லாம் கொதிநீர். தூக்கி இறக்கினேன். இடது பாதம் சிவந்திருந்தது. வேறொன்றும் இல்லை, கடவுளே, வேறொன்றும் இல்லை.

ரோட்டோரக் கட்டைச் சுவரில் அவளை உட்காரவைத்துக் காலில் தண்ணீர் ஊற்றினேன். சம்பந்தி வண்டியின் மூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு புலம்பினார். "ரெண்டு ஃபேனும் சுத்துதே! காத்து வருதே!"

தாரணி நொண்டிக்கொண்டே எழுந்து போனாள். கிரில்லுக்கு முன்னால் கையை நீட்டினாள். சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"மாமா, சூட்டுக் காத்து வெளிய வருது. உள்ள இழுக்கோணும். ஃபேன் தலைகீழா சுத்துது."

"அதெப்படி? நான் கறுப்பு வயர பாடிக்குத்தான குடுத்தேன்?"

அவள் பேட்டரியைக் குனிந்து பார்த்தாள். "மத்த வண்டிக்கெல்லாம் பாடில மைனஸ். இந்தப் பழைய வண்டிக்கு பாடில பிளஸ். மாத்திக் குடுத்துட்டீங்க."

"பின்ன ஏன் நல்லா இருந்துச்சு? உங்கப்பாவத்தான் முன்னால நிறுத்திப் பாத்தேன். மூஞ்சில காத்து வாங்கிட்டு, ஜில்லுனு இருக்குன்னாரே!"

தாரணி என் பக்கம் திரும்பினாள். மெதுவாகத் திரும்பினாள்.

"ரேஷன் கடை லாரிக்கு முன்னால எத்தன வருசம் நின்னிருக்கீங்க? காத்து எந்தப் பக்கம் போகும்னு உங்களுக்குத் தெரியாதா?"

நான் குனிந்து அவள் பாதத்தைப் பார்த்தேன்.

"தெரிஞ்சுதான் விட்டீங்க. பொண்ண அனுப்ப மாட்டேன்னு சொல்ல வாய் வரல. வண்டி சொல்லட்டும்னு விட்டுட்டீங்க. அந்த வண்டிக்குள்ள என்னையும் வெச்சு."

மரியாதைக்காக என்று இதே நோட்டில் எழுதியிருக்கிறேன். இன்று அதை மறுபடி எழுதப் பேனா மாட்டேன் என்கிறது. வண்டி ஊரைத் தாண்டாது, பொள்ளாச்சி ரோட்டிலேயே மூச்சு வாங்கி நின்றுவிடும், நாம் நல்ல பிள்ளையாகத் திரும்பி வந்துவிடலாம் என்று நான் நினைக்கவே இல்லை என்று யார் தலையில் அடித்துச் சத்தியம் செய்வது?

எஞ்சின் ஆறும் வரை காத்திருந்தோம். பிறகு தாரணி டூல்ஸ் பெட்டியில் ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். பின்பக்கம் போகிற வெந்நீர்க் குழாயை மடித்துக் கம்பியால் இறுக்கினாள். ஃபேனின் இரண்டு வயர்களையும் இடம் மாற்றினாள். சுவிட்சைப் போடச் சொன்னாள். அவள் துப்பட்டாவின் நுனி கிரில்லில் போய் ஒட்டியது. சம்பந்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினார். எஞ்சின் ஓடியது, முள் கீழேயே நின்றது.

சம்பந்தியின் முகம் மலர்ந்துவிட்டது. "அட, எம் மருமகளாக்கும்! செரி, ஏறு கண்ணு. இருட்டறதுக்குள்ள போயிரலாம்."

"நீங்க போங்க மாமா. வண்டி இனிக் கொதிக்காது. நான் வரல."

"சம்பந்தி, என்னங்க இது?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். இந்த முறை பார்க்க விரிந்த கல் எதுவும் இல்லை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம்.

"அவ வரமாட்டாளுங்க" என்றேன். சொன்னதுதான். ஆனால் அது எப்படி வெளியே வந்தது தெரியுமா? 'அவ வரமாட்டாளுங்களா?' என்று அவரிடமே கேட்பது போல வந்தது.

"அப்ப இதத்தான் ஒரு மாசமா மனசுல வெச்சுட்டு, என்னைய வாசல்ல ரசம் வெச்சுத் திங்க விட்டீங்களா? வர்ற ஞாயித்துக்கெழம எங்க பெரியவங்க எட்டுப் பேரு வருவாங்க. பூபதியும் வருவான். அங்க வந்து இதே வார்த்தையச் சொல்லுங்க, பாக்கலாம். உங்களால முடியாது சம்பந்தி. உங்கள எனக்குத் தெரியும்." கதவை அறைந்து சாத்திக்கொண்டு மேலே ஏறிப் போனார். வண்டி ஒரு துளி ஆவிகூட விடவில்லை.

வால்பாறையிலிருந்து இறங்கி வந்த பொள்ளாச்சி பஸ் கை காட்டியதும் நின்றது. தாரணி ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தாள். பக்கத்தில் உட்காரப் போனேன். பையைத் தூக்கி அந்த இடத்தில் வைத்தாள். நான் பின் சீட்டில் உட்கார்ந்தேன். ஆழியாறு அணை தெரியும் வரை அவள் பின்னங்கழுத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பிறகு திரும்பாமலே கேட்டாள்.

"ஞாயித்துக்கெழம என்ன சொல்லுவீங்க?"

"சொல்லுவேன்."

"அதான், என்னன்னு?"

"பொண்ணுக்கு இஷ்டமில்லைங்கன்னு..."

"எனக்கு இஷ்டமில்லைன்னு நான் சொல்லிக்குவேன். அதுக்கு நீங்க வேண்டாம். நீங்க என்ன சொல்லுவீங்க?"

பெரிய வாக்கியம் ஒன்றும் இல்லை, இரண்டே வார்த்தைதான். "அனுப்ப மாட்டேனுங்க."

"அந்த 'ங்க' எதுக்கு?"

"அனுப்ப மாட்டேன்."

"கேக்கல."

"அனுப்ப மாட்டேன்."

"பஸ் சத்தத்துல எனக்கே கேக்கல. அங்க எட்டுப் பேரு இருப்பாங்க."

எழுந்து நின்றேன். மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "நான் எம்பொண்ண அனுப்ப மாட்டேன்!" என்று கத்தினேன். டிரைவர் பிரேக்கில் கால் வைத்துவிட்டார். பின்னால் ஒரு கைக்குழந்தை வீறிட்டது. முன் சீட்டில் காதில் கம்பளித் துண்டு கட்டியிருந்த ஒருவர் திரும்பி, "எங்கீங்க அனுப்ப மாட்டீங்க?" என்று கேட்டார். தாரணியின் முதுகைத்தான் பார்த்தேன்.

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொருக்கா" என்றாள்.